ரெகுலர் ஃபீஸ்... கரஸ் படிப்பு!

‘பள்ளிப்பட்டு எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் சென்னைக்காரர்களில் பாதிப் பேர் விழிப்பார்கள். திருத்தணிக்குப் போகிறவர்கள் முருகனைக் கும்பிட்டுவிட்டு, பஞ்சாமிர்த டப்பாவோடு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வடமேற்கே பஸ் பிடித்தால், ஆந்திர எல்லையை உரசிக்கொண்டு ஓர் ஊர் வரும். அதுதான் பள்ளிப்பட்டு. எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே, அந்த வட்டாரம். வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழுமாகப் பேசுவார்கள். நெசவாளர் தெருக்களில் நடந்தால் விசைத்தறிச் சத்தம் காதைப் பிளக்கும்.

சமீபத்தில் அங்கே ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நாலு தறி. கூலிக்கு நெய்கிறவர். பேச்சுவாக்கில் பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். உள்ளே, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ரசீதுகள். மகள் இன்ஜினீயரிங் படித்த நாலு வருடத்தின் ரசீதுகள்.

‘‘இதைப் பாருங்க சார். 2020-21ஆம் வருஷத்து ரசீது. அந்த வருஷம் பாப்பா ரெண்டாவது வருஷம். பாதி நாள் மொட்டை மாடியிலதான் காலேஜு!’’ என்றார்.

ரசீதைப் பார்த்தேன். டியூஷன் ஃபீஸ் இருக்கிறது. சரி. அதற்குக் கீழே லேப் ஃபீஸ், லைப்ரரி ஃபீஸ், ஸ்போர்ட்ஸ் ஃபீஸ், இன்டர்நெட் ஃபீஸ், பஸ் ஃபீஸ்... எல்லாம் இருக்கிறது. எந்தக் காலேஜ் என்று நான் சொல்லப் போவதில்லை. சொல்லவும் அவசியம் இல்லை. உங்கள் வீட்டு பீரோவிலும் இதே மாதிரி ஒரு ரசீது இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

அந்த வருடம் என்ன நடந்தது என்று ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2020 மார்ச் மாதம் கொரோனாவுக்காகக் கல்லூரிகளை மூடினார்கள். இறுதி ஆண்டு மாணவர்களுக்கு டிசம்பர் 7ஆம் தேதி திறந்தார்கள். மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8ஆம் தேதி. மார்ச் 23ஆம் தேதி முதல் மறுபடியும் ஆன்லைன். ஆக, இரண்டாவது வருடம் படித்த இந்தப் பெண்ணுக்கு காலேஜ் பஸ் ஓடியிருக்கக்கூடிய காலம் மொத்தமே ஆறு வாரம். வாங்கியதோ ஒரு வருட பஸ் ஃபீஸ்.

‘‘கேட்டீங்களா?’’ என்றேன்.

‘‘கேட்டேன் சார். ‘பஸ் ஓடலைன்னாலும் டிரைவருக்குச் சம்பளம் குடுக்கணும்ல’ன்னு சொன்னாங்க. நியாயம்தானேன்னு வந்துட்டேன். அப்புறம் பார்த்தா நம்ம தெருவுக்கு வர்ற அந்த டிரைவர் தம்பி காய்கறி வண்டி ஓட்டிக்கிட்டிருக்கு. ‘என்னப்பா?’ன்னா, ‘ஏப்ரல்லயே நிக்கச் சொல்லிட்டாங்கண்ணா’ங்குது!’’

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் மகள் சொன்னது இன்னும் ஒரு படி மேலே. தறி ஓடும் வீட்டில் ஆன்லைன் வகுப்பு எப்படி நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? மைக்கை ஆன் செய்தால் வகுப்பு முழுக்கத் தறிச் சத்தம். ‘யாரும்மா அது, மெஷின் சவுண்டு? மியூட் பண்ணு!’ என்று ஆசிரியர் சொல்வார். மொட்டை மாடிக்குப் போனால் சிக்னல் கிடைக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். செமஸ்டர் நெருங்கிய நேரத்தில், முக்கியமான வகுப்பு என்றால் அப்பா இரண்டு தறிகளை நிறுத்திவிடுவாராம். ‘‘நைனா நிறுத்தினா அந்த ஒரு மணி நேரக் கூலி போச்சு சார். நான் வேணாம்பேன். அவர் கேக்க மாட்டார்’’ என்றது அந்தப் பெண்.

இப்போது சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம், வகுப்பறைக்கு வாடகை கொடுத்தது யார்? கரன்ட் பில் கட்டியது யார்? இன்டர்நெட்டுக்கு ரீசார்ஜ் செய்தது யார்? நாற்காலி, மேஜை யாருடையது?

எல்லாம் அந்த அப்பாவுடையது. ஆனால், இதே வகுப்பறைக்கும் இதே கரன்ட்டுக்கும் இதே இன்டர்நெட்டுக்கும் சேர்த்துத்தான் காலேஜும் அவரிடம் பணம் வாங்கியிருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு. கடைக்காரர் இப்படிச் செய்தால் சட்டையைப் பிடிப்போம். காலேஜ் செய்தால் கைகட்டி நிற்கிறோம்.

‘அதெல்லாம் கொரோனா காலத்துக் கதை சார், இப்ப எதுக்கு?’ என்று நீங்கள் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கொரோனா போய்விட்டது. அது கொண்டு வந்த ஏற்பாடு போகவில்லை.

அதே வீட்டில் பையன் இப்போது வேறொரு காலேஜில் இன்ஜினீயரிங் படிக்கிறான். சனிக்கிழமை வகுப்புகள் ஆன்லைனில். இரண்டு பாடங்களை ‘இன்டர்நெட்ல வீடியோ பார்த்துப் படிச்சு, அங்கேயே பரீட்சை எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வா’ என்று சொல்லிவிட்டார்கள். ஃபீஸில் ஏதாவது குறைந்ததா? ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வீடியோ பாடத்துக்கான பரீட்சைக் கட்டணத்தையும் அவன்தான் தனியாகக் கட்டினான்.

இதற்கு இப்போது அழகான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘பிளெண்டட் லேர்னிங்’. அதாவது, கலப்பு முறைக் கல்வி. பாதி வகுப்பறை, பாதி கம்ப்யூட்டர் திரை. 2021 மே மாதம், நாடே ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்துகொண்டிருந்தபோது, யு.ஜி.சி. இதைப் பற்றி ஒரு வரைவுக் குறிப்பை வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 சதவிகிதம் வரை ஆன்லைனில் நடத்தலாம், மீதி 60 சதவிகிதம் வகுப்பறையில் என்றது அந்தக் குறிப்பு. அதே வருடம் இன்னொரு விதியும் மாறியது. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையதளத்தில் படித்து வாங்கும் மதிப்பெண்களை, 2016 விதிப்படி ஒரு செமஸ்டரில் 20 சதவிகிதம் வரைதான் கணக்கில் எடுக்க முடியும். அதை 40 சதவிகிதமாக உயர்த்தினார்கள்.

படிப்பில் 40 சதவிகிதம் என்று கணக்குப் போடத் தெரிகிறது. அதே கணக்கை ஃபீஸில் போட மட்டும் ஏன் கை வர மாட்டேன் என்கிறது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஆன்லைன் படிப்புக்கு எதிரி அல்ல. பள்ளிப்பட்டில் உட்கார்ந்துகொண்டு சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் பாடத்தைக் கேட்க முடிகிறது என்றால், அது எவ்வளவு பெரிய விஷயம்! ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் ‘என்.பி.டி.இ.எல்.’லில் பாடம் கேட்கக் காசே கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பரீட்சைக்குக் கட்டணம். தாராளமாகப் படிக்கட்டும். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஐ.ஐ.டி. இலவசமாகத் தரும் பாடத்துக்கு, நடுவில் இருக்கும் காலேஜ் எதற்காக முழு ஃபீஸ் வாங்குகிறது?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரிய பொருளாதாரமெல்லாம் தேவை இல்லை. ‘ரெகுலர்’, ‘கரஸ்’ என்ற இரண்டு வார்த்தைகள் நமக்கு நன்றாகத் தெரியும். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971லேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981ல். கண்டக்டர், கிளார்க், போலீஸ் கான்ஸ்டபிள், கல்யாணமாகி வீட்டில் இருந்த பெண்கள் என்று எத்தனையோ பேர் தபாலில் வந்த பாடப் புத்தகத்தை ராத்திரி உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கினார்கள். அந்தப் பட்டத்தை நான் ஒருபோதும் மட்டமாக நினைத்ததில்லை.

ஆனால், கரஸ் படிப்புக்கு ஃபீஸ் எவ்வளவு? ரெகுலரைவிடக் குறைவு. ஏன் குறைவு? கட்டடம் வேண்டாம், பெஞ்ச் வேண்டாம், பஸ் வேண்டாம், தினமும் எதிரில் நின்று பாடம் எடுக்க ஆள் வேண்டாம். இந்த நியாயம் அன்றைக்கே எல்லோருக்கும் புரிந்திருந்தது. இன்றைக்கு என்ன ஆயிற்று? வாங்குவது ரெகுலர் ஃபீஸ், நடத்துவது பாதி கரஸ் படிப்பு. கரஸுக்குப் புதுப் பெயர் வைத்தவுடன் விலை ஏறிவிடுமா?

சென்னை ஐ.ஐ.டி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் மாதம் ‘டேட்டா சயின்ஸ்’ பட்டப் படிப்பை ஆன்லைனில் தொடங்கினார்கள். பாடம் ஆன்லைனில். பரீட்சை மட்டும் நேரில், தேர்வு மையத்தில். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுக்கிறீர்களோ, அதற்கு மட்டும்தான் பணம். குடும்ப வருமானம் குறைவு என்றால் சலுகையும் உண்டு. ஆக, ஆன்லைன் படிப்புக்குத் தனியாகக் கணக்குப் போட்டு ஃபீஸ் வாங்க முடியும். வேண்டியது மனசு.

*

கல்லூரி நடத்துகிறவர்கள் தரப்பையும் கேட்க வேண்டும் அல்லவா? கேட்டேன். ஒரு கல்லூரியின் நிர்வாகி பொறுமையாகவே பேசினார். ‘‘ஆன்லைன்னா செலவே இல்லைன்னு நினைக்காதீங்க. ஆசிரியர் அதே ஆசிரியர், அதே சம்பளம். பாடம் தயாரிக்க அதிக நேரம் ஆகுது. சாஃப்ட்வேர் வாங்கணும். கட்டடத்துக்கு வாங்கின பேங்க் லோனுக்கு மாசா மாசம் தவணை கட்டணும். பூட்டி வெச்சாலும் லேப் லேப்தான். மெஷினைப் பராமரிக்கலைன்னா துருப்பிடிச்சுடும்’’ என்றார்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. டியூஷன் ஃபீஸின் பெரும் பகுதி ஆசிரியர் சம்பளம்தான் என்றால், அதில் நான் கை வைக்கச் சொல்ல மாட்டேன். வகுப்பறையில் எடுத்தாலும், செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு எடுத்தாலும், பாடம் எடுக்கிறவருக்கு உழைப்பு உழைப்புதான்.

ஆனால், அந்தச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா? கொரோனா காலத்தில் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்கள் பலருக்குப் பாதிச் சம்பளம், கால் சம்பளம் என்று கொடுத்ததும், சிலரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியதும் ஊருக்கே தெரியும். பி.எச்டி. முடித்தவர்கள் கூலி வேலைக்குப் போன செய்திகளைப் படித்தோம். மாணவனிடம் ‘ஆசிரியருக்குச் சம்பளம் தரணும்’ என்று சொல்லி முழு ஃபீஸ். ஆசிரியரிடம் ‘மாணவர்கள் ஃபீஸ் கட்டலை’ என்று சொல்லிப் பாதிச் சம்பளம். நடுவில் இருந்த பணம் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு வரும்போது மட்டும் நிர்வாகிக்கு வேறு போன் வந்துவிட்டது.

பேங்க் லோன் விஷயத்துக்கு வருகிறேன். தறி வாங்கவும் லோன்தான். தறி நின்றால் அவருக்கும் தவணை நிற்காது. அதற்காக, நெய்யாத துணிக்கு அவர் யாரிடமாவது காசு கேட்க முடியுமா? நஷ்டம் என்று வந்தால் நெசவாளி தாங்கிக்கொள்ள வேண்டும், கல்வி அறக்கட்டளை மட்டும் தாங்காது என்றால், இது என்ன அறம்? என்ன கட்டளை?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் வழக்கில் 2021 மே 3ஆம் தேதி வந்த தீர்ப்பு அது. பள்ளி மூடியிருந்த காலத்தில் மாணவர்கள் பயன்படுத்தாத வசதிகளுக்கும், நடக்காத நடவடிக்கைகளுக்கும் கட்டணம் வாங்குவது லாப வேட்டைதான், கல்வியை வணிகமாக்குவதுதான் என்றார்கள் நீதிபதிகள். பள்ளிகளுக்கு மின்சாரம், பராமரிப்பு, தண்ணீர், எழுதுபொருள் என்று செலவு மிச்சமாகியிருக்கும், அதை மாணவர்களுக்குத் தர வேண்டும் என்று சொல்லி, 2020-21ஆம் ஆண்டுக் கட்டணத்தில் 15 சதவிகிதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அது பள்ளிக்கூட வழக்கு. இருக்கட்டும். பள்ளிக்கூடம் என்றால் லாப வேட்டை, கல்லூரி என்றால் கல்விச் சேவையா? ஒரே நியாயம்தானே!

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2020-21ஆம் ஆண்டுக்கு இளநிலை மாணவர்கள் எல்லோருக்கும் கட்டணத்தில் 10 சதவிகிதம் குறைத்தது. ஹார்வர்டு குறைக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மீது மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021ல் 1.25 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. இங்கிலாந்தில் அந்த வருடமும் உச்சபட்சக் கட்டணமான 9,250 பவுண்டை அப்படியே வாங்கினார்கள். லண்டனின் யூனிவர்சிட்டி காலேஜ் மீது ஆயிரக்கணக்கான மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ‘நான் பணம் கொடுத்து வாங்கியது ஒன்று, எனக்குக் கிடைத்தது வேறொன்று’ என்பதுதான் அவர்கள் வாதம். அங்கே மாணவன் கேட்டால் வழக்கு. இங்கே மாணவன் கேட்டால் ‘திமிர்’.

*

நம் அரசு சும்மா இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஊரடங்கின்போது ஃபீஸ் கட்டச் சொல்லி நெருக்கக் கூடாது என்று 2020 ஏப்ரலில் உத்தரவு போட்டார்கள். தனியார் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2020 ஜூலை 17ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தனியார் பள்ளிகளுக்கு, ‘இப்போது 40 சதவிகிதம், திறந்த பிறகு 35 சதவிகிதம்’ என்று தவணை பிரித்துக் கொடுத்தது. 2021 ஜனவரியில், ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு தினமும் 2 ஜி.பி. இலவச டேட்டா என்று அறிவித்தார் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

நல்ல காரியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2017ல் அந்தக் குழு வைத்த விலை, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருடம் 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப் பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. இந்தத் தொகைக்குள்ளேயே லேப், கம்ப்யூட்டர், இன்டர்நெட், லைப்ரரி, விளையாட்டு, பராமரிப்பு எல்லாம் அடக்கம். அப்படியானால் பள்ளிப்பட்டுப் பெண்ணின் ரசீதில் இன்டர்நெட் ஃபீஸ் தனியாக எப்படி வந்தது? இன்டர்நெட்டுக்கு ஒரு முறை குழு வைத்த விலைக்குள். இன்னொரு முறை ரசீதில் தனியாக. மூன்றாவது முறை அவள் அப்பா செய்த ரீசார்ஜ். நாலாவதாக, வரிப் பணத்தில் அரசு கொடுத்த டேட்டா கார்டு. ஒரு பெண்ணுக்கு நாலு இடத்தில் இன்டர்நெட் வாங்கியும், மொட்டை மாடியில் ஏறினால்தான் சிக்னல்!

இந்த வேடிக்கையின் உச்சம் அரியர் பரீட்சை. 2020 ஆகஸ்ட் கடைசியில், ‘அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தவர்கள் எல்லோரும் பாஸ்’ என்று அறிவித்தார்கள். பையன்கள் முதல்வருக்கு போஸ்டர் அடித்தார்கள், பேனர் வைத்தார்கள். பின்னால் நீதிமன்றம் தலையிட்டு, பரீட்சை வைத்தே ஆக வேண்டும் என்றது. அதை விடுங்கள். அந்த அறிவிப்பின் நடுவே இருந்த தகுதியைக் கவனித்தீர்களா? படித்தாயா என்று கேட்கவில்லை. எழுதினாயா என்று கேட்கவில்லை. பணம் கட்டினாயா என்று மட்டும்தான் கேட்டார்கள். நம் உயர் கல்வியை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது.

வீட்டில் இருந்தபடியே படிக்கலாம் என்கிறார்களே, எந்த வீட்டில்? மத்திய அரசின் மாதிரி ஆய்வு 2017-18ல் சொன்ன கணக்குப்படி, இந்தியக் கிராமங்களில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் 4.4 சதவிகிதம். இன்டர்நெட் வசதி இருந்தவை 14.9 சதவிகிதம். அதற்குப் பிறகு செல்போன் பெருகியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஒரே செல்போனை அப்பா, அக்கா, தம்பி மூவரும் பங்குபோட்டுக்கொள்ளும் வீடுகள் மறைந்துவிடவில்லை. அண்ணா நகரில் தனி அறை, ஏ.சி., லேப்டாப் வைத்திருக்கும் பையனுக்கும், தறி ஓடும் வீட்டுப் பையனுக்கும் ஆன்லைன் வகுப்பு ஒன்றாக இருக்காது. காலேஜ் வகுப்பறையின் பெருமையே அதுதான். அங்கே உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்ச், ஒரே ஃபேன், ஒரே கரும்பலகை. அந்தச் சமத்துவத்துக்கும் சேர்த்துத்தான் ஏழை அப்பா ஃபீஸ் கட்டுகிறார். நாற்பது சதவிகிதப் படிப்பை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது, அந்தச் சமத்துவத்தில் நாற்பது சதவிகிதத்தைப் பிடுங்கிக்கொள்வது.

*

சரி, என்ன செய்ய வேண்டும்? என் கோரிக்கைகள் ரொம்ப எளிமையானவை.

1. ஒவ்வொரு கல்லூரியும், செமஸ்டர் தொடங்கும் முன்பே, எந்தப் பாடம் நேரில், எந்தப் பாடம் ஆன்லைனில் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஹோட்டலில்கூட விலைப்பட்டியல் மாட்டுகிறார்கள்.

2. ரசீதில் ‘மொத்தம்’ என்று ஒரே வரி எழுதக் கூடாது. கற்பிப்பதற்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, லேப்புக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். கட்டண நிர்ணயக் குழு இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

3. ஆன்லைனில் போன பாடங்களின் விகிதத்துக்கு, கட்டடம், மின்சாரம், பஸ் போன்ற கட்டணங்களைக் கழிக்க வேண்டும். கற்பிப்பதற்கான கட்டணத்தைக் கழிக்க வேண்டாம். ஆனால் அது ஆசிரியரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்ட வேண்டும்.

4. வெளியில் இருந்து இலவசமாகக் கிடைக்கும் வீடியோ பாடத்தைக் காட்டி மதிப்பெண் கொடுத்தால், அந்தப் பாடத்துக்கான பரீட்சைக் கட்டணத்தையாவது கல்லூரியே கட்ட வேண்டும்.

5. வீட்டில் படிக்க வசதி இல்லாத மாணவனுக்கு, ஆன்லைன் நாளிலும் கல்லூரியின் லைப்ரரியும் கம்ப்யூட்டர் லேப்பும் திறந்திருக்க வேண்டும். அவன் ஊரிலேயே இருந்தால், அரசு நூலகத்தில் இன்டர்நெட்டோடு ஓர் இடம் வேண்டும்.

இவை எல்லாம் மேலே இருப்பவர்கள் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அது, வாயைத் திறந்து கேட்பது.

நாம் ஏன் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். ‘கேட்டா புள்ளை மேல காட்டுவாங்க’ என்ற பயம். ‘நோ டியூஸ்’ கையெழுத்து போடாமல் இழுத்தடிப்பார்கள், ஹால் டிக்கெட் தர மாட்டார்கள், இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள் என்ற பயம். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் அவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்ற பயம். ஒரிஜினல்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே அறிவித்துவிட்டது என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

தனியாகப் போனால் பயமாகத்தான் இருக்கும். பத்துப் பேராகப் போங்கள். ஒரே காலேஜ் பஸ்ஸில் போகும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பத்துப் பேர் சேர்வது கஷ்டமா? சண்டை போட வேண்டாம். ‘ஐயா, இந்த செமஸ்டர்ல எத்தனை நாள் பஸ் ஓடும்? எத்தனை பாடம் ஆன்லைன்ல? அதுக்கு எவ்வளவு கழிச்சிருக்கீங்க?’ என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் பல்கலைக்கழகத்துக்கும் உயர் கல்வித் துறைக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அங்கே அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பள்ளிப்பட்டு நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ரசீதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘நான் ஒரு மீட்டர் குறைச்சு நெஞ்சு அனுப்பினா முதலாளி அளந்து பார்த்துக் கூலியில பிடிச்சுக்குவாரு சார். அதே மாதிரி அளந்து பார்த்துக் கேக்கலாம்ங்கிறீங்க. அவ்வளவுதானே?’’ என்றார்.

அவ்வளவுதான். அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு அவர் போகும்போது, கூட வருவதாக ஒன்பது பேர் சொல்லியிருக்கிறார்களாம். உங்கள் ஊரில் எத்தனை பேர்?